காற்றை நம்பிய ஒலிபெருக்கி

வத்தலக்குண்டைத் தாண்டிப் பேருந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கினால், டம் டம் பாறை வருவதற்குள் பலருக்குக் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வளைவுக்கு வளைவு வெளியே காற்றழுத்தம் குறைகிறது. நடுக்காதுக்குள் அடைபட்ட காற்றோ சமவெளியின் அழுத்தத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். புடைத்து நிற்கும் தோல் சரியாக அதிராது, ஒலி மங்குகிறது. எச்சில் விழுங்கும்போது தொண்டைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழல் திறந்து அழுத்தம் சமனாகிறது.

ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். இந்த மெல்லிய காற்றைத் தேடித்தான் சென்னையிலிருந்து வானியலாளர்கள் பழனி மலைக்கு வந்தார்கள். 1899-ல் அவர்கள் தொடங்கிய சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். தொலைநோக்கிக்கு மேலே காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதே மெல்லிய காற்றில் சிரமப்படும் கருவி ஒன்று உண்டு. அதுதான் நிலைமின் ஒலிபெருக்கி. அது இங்கே ஏன் சிரமப்படுகிறது என்று யோசித்துப் பார்த்தால், அதைச் செய்து முடிக்க ஏன் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பதும் விளங்கும்.

நமக்குப் பழக்கமான ஸ்பீக்கர் எல்லாமே காந்த வகை. தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில் மைக் செட்காரர் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரானாலும், வீட்டு டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரானாலும் உள்ளே ஒரு நிலைக்காந்தம், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு அல்லது தகடு. சுருளில் பாட்டின் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் முன்னும் பின்னும் ஓடும், ஒட்டிய கூம்பும் கூட ஓடும். வலுவான அமைப்பு, விலையும் குறைவு, மழை வெயில் தாங்கும். குறைகள் இரண்டு. இழுவிசை கூம்பின் நடுவில் மட்டும் கிடைக்கிறது, விளிம்பு பின்னால் வருகிறது. உயர்ந்த ஸ்வரங்களில் கூம்பின் ஒரு பகுதி முன்னால் போகும்போது இன்னொரு பகுதி பின்னால் போகும். தவிர, சுருளுக்கும் கூம்புக்கும் கனம் உண்டு. ஒலி நின்ற பிறகும் அவை கணநேரம் ஆடிக்கொண்டிருக்கும்.

நிலைமின் ஒலிபெருக்கியில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை, கூம்பும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் படலம். படலத்துக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி. படலத்தில் சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்னூட்டம் ஏற்றி வைத்திருப்பார்கள். பாட்டின் மின்னழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தி இரு தகடுகளுக்கும் கொடுத்தால், ஒன்று படலத்தை இழுக்கும், மற்றது தள்ளும். அந்த விசை படலத்தின் பரப்பு முழுவதும் ஒரே அளவில் விழுகிறது. நடு, விளிம்பு என்ற பேதமே இல்லை.

அந்தப் படலம் எவ்வளவு லேசு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் படலம் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம் சொச்சம். மதுரையின் 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1,150 கிராம். அப்படியானால் படலத்தின் நிறை, அதன் முன்னால் நிற்கும் 7 மில்லிமீட்டர் காற்றின் நிறைதான். ஒரு மீட்டர் அகலக் காற்றை அசைக்க, அதே பரப்பில் 7 மில்லிமீட்டர் காற்றைக் கூடுதலாகச் சேர்த்து அசைத்தால் போதும். கொடைக்கானலில் 15 டிகிரிக் குளிரில் கன மீட்டருக்கு 950 கிராம்தான் காற்று. அங்கே அதே படலம் 9 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். எந்த ஊரானாலும், காற்றோடு காற்றாக அசையக்கூடிய ஒரு பொருளை இதைவிட எளிமையாகச் செய்ய முடியாது என்றே தோன்றுகிறது.

தோலை இழுத்துக் கட்டி ஒலி எழுப்புவது நமக்குப் புதிதல்ல. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசும் கரணை, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி ஸ்வரமாக்குகிறது என்பதை 1920-ல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிக் காட்டினார். மிருதங்கத் தோலுக்குச் சொந்தக் குரல் வேண்டும், அதற்காகத்தான் அவ்வளவு பாடு. ஒலிபெருக்கியின் படலத்துக்குச் சொந்தக் குரல் கொஞ்சமும் கூடாது. மிருதங்கமும் வீணையும் புல்லாங்குழலும் அதன் வழியாக அப்படியே வர வேண்டும். நடுவில் பிடித்து ஆட்டாமல், பரப்பு முழுவதையும் ஒரே விசையில் தள்ளுவதால் இதற்கு வழி பிறக்கிறது.

இவ்வளவு எளிய யோசனை எப்போதோ வந்துவிட்டது. எதிரெதிர் தகடுகளில் மின்னூட்டம் சேர்க்கும் மின்தேக்கி ஒன்றில் மின்சாரம் ஏறி இறங்கும்போது ஒலி எழுவதை 1863-ல் வில்லியம் தாம்சன் பதிவு செய்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர் அவர்தான். அடுத்து, கடலடித் தந்திக் கம்பிகளில் தேர்ந்த குரோம்வெல் வார்லி, மின்தேக்கியைக் கொண்டு தந்திக் கம்பி வழியே இசை ஒலி எழுப்பும் முறைக்கு 1870-ல் காப்புரிமை பெற்றார். 1877-ல் லண்டன் மக்கள் அதைக் காதால் கேட்டார்கள்.

இந்தக் கதையில் என் மனம் போய் நிற்பது அமெரிக்காவின் டஃப்ட்ஸ் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஏமோஸ் டால்பேரிடம். 1881 வாக்கில் அவர் செய்த தொலைபேசியின் கேட்கும் பகுதியில் காந்தமே கிடையாது. ஒரு கருப்பு ரப்பர் பெட்டிக்குள் இரண்டு உலோகத் தட்டுகள், நடுவில் காற்று, அவ்வளவுதான். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு அசைந்து பேச்சு கேட்டது. பெல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888-ல், கருவி வேறாக இருந்தாலும் பேச்சின் அலையைப் போலவே மின்னோட்டத்தை ஏற்றி இறக்கி அனுப்பும் முறை பெல்லுடையதே என்று தீர்ப்பளித்தது. டால்பேர் தோற்றார். அவர் பெயர் இன்று பலருக்குத் தெரிவது வேறொரு காரணத்தால். சில்வண்டு கத்தும் வேகத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று 1897-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். குளிர் ஏற ஏறச் சில்வண்டு மெதுவாகக் கத்தும். மலைக்கிராமத்தில் அந்தி நேரம் இருந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒலியை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்ட மனிதர் அவர்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? டால்பேரின் கருவி காதோடு வைத்துக் கேட்கத்தான் போதும். அறை நிறைய ஒலி வர வேண்டுமானால் மின்னழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வால்வு வேண்டும், அது வந்ததே 20-ம் நூற்றாண்டில். வால்வு வந்ததும் பலர் முயன்றார்கள். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் இ.சி. வென்ட் 1916-ல் இதே தத்துவத்தைத் தலைகீழாக்கி மின்தேக்கி மைக் செய்தார். ஒலி வந்து தகட்டை அசைக்க, மின்னழுத்தம் மாறியது. பெர்லினில் ஹன்ஸ் ஃபோக்ட்டும் அவருடைய இரு கூட்டாளிகளும் ட்ரை-எர்கான் என்ற பேசும் பட முறையை 1922 செப்டம்பரில் திரையிட்டுக் காட்டியபோது அரங்கில் ஒலித்தது ஸ்டாட்டோஃபோன் என்ற நிலைமின் ஒலிபெருக்கிதான். பேசும் படத்தின் தொடக்கத்திலேயே இந்தக் கருவி இடம்பிடித்திருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் முட்டி நின்றன. அப்போதைய கருவிகள் பெரும்பாலும் ஒற்றைத் தகடு கொண்டவை. ஒரு பக்கம் தகடு, எதிரே படலம். தகடு படலத்தை இழுக்கும், தள்ளாது. இந்த இழுவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது, மின்னழுத்தம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பாட்டின் வடிவம் விசையில் அப்படியே வராமல், மூலத்தில் இல்லாத ஸ்வரங்கள் கலந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. படலம் தகட்டை நெருங்க நெருங்க இழுப்பு கூடும். ஒரு எல்லைக்கு மேல் படலத்தின் விறைப்பு தோற்றுப்போய் அது தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பயந்து விறைப்பைக் கூட்டினால் தாழ்ந்த ஸ்வரம் வராது. இடைவெளியைக் கூட்டினால் ஒலி குறையும். படலத்துக்கும் உருப்படியான பொருள் இல்லை. ரப்பர், பதப்படுத்திய குடல் தோல், உலோகத் தாள் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ரப்பர் நாளாவட்டத்தில் வெடித்தது, தோல் ஈரத்தில் தளர்ந்தது.

ஜெனரல் எலக்ட்ரிக்கில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் எல்லா வகை ஒலிபெருக்கிகளையும் வரிசையாகச் சோதித்துப் பார்த்து, 1925-ல் கம்பிச் சுருளும் கூம்பும் கொண்ட வகையை உலகுக்குக் கொடுத்தார்கள். இன்று வரை அதுதான் ஆள்கிறது. வெற்றி பெற்ற அதே கெல்லாக், 1929-ல் நிலைமின் ஒலிபெருக்கிக்கும் ஒரு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1934-ல் அது கிடைத்தது. பெரிய மெல்லிய படலத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துத் தாங்கிப் பிடித்தால் படலம் முழுவதும் ஒருபக்கமாக வளைந்து ஒட்டிக்கொள்ளாது என்பது அதில் முக்கியமான யோசனை. தன் கையால் கூம்பு ஸ்பீக்கரை நிலைநாட்டியவரே இன்னொன்றின் அருமையை விடாமல் பிடித்திருந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தையில் ஜெயித்தது எது என்பதும் நல்ல கருவி எது என்பதும் அவருக்கு வேறு வேறு கேள்விகளாக இருந்திருக்க வேண்டும்.

முடிச்சு அவிழ்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஹார்வர்டில் ஃபிரெடெரிக் ஹன்ட் என்ற ஒலியியல் பேராசிரியரின் குழு காட்டிய வழி இது. இரு பக்கமும் தகடு இருக்க, படலத்தின் மின்னூட்டத்தை மாறாமல் வைத்திருந்தால் விசை மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். படலம் இடைவெளிக்குள் எங்கே நின்றாலும் விசை மாறாது. மின்னூட்டத்தை மாறாமல் வைப்பது எப்படி? மிக மிக உயர்ந்த மின்தடை வழியாகப் படலத்துக்கு மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். ஏறிய மின்னூட்டம் ஒரு ஸ்வரம் அதிர்ந்து முடிவதற்குள் தப்பிப் போக அவகாசம் கிடைக்காது. படலத்தின் மேல் பூசும் கடத்தும் பூச்சும் அப்படித்தான், கிட்டத்தட்டக் கடத்தாத அளவுக்கு மோசமான கடத்தியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்னூட்டம் படலத்தின் மேலேயே ஓடி, தகட்டுக்கு நெருங்கிய இடத்தில் போய்க் குவியும்.

அங்கே பணியாற்றிய ஆர்தர் ஜான்சனுக்கு, மைக்குகளைச் சோதிக்க நம்பகமான ஒலி மூலம் தேவைப்பட்டது. அதற்காகச் செய்யத் தொடங்கியது ஒலிபெருக்கியாக வளர்ந்து 1953-ல் காப்புரிமை பெற்றது. உறையிட்ட கம்பிகளைத் தகடாகக் கட்டினார், தீப்பொறி பாயும் பயம் குறைந்தது. உயர்ந்த ஸ்வரங்களை மட்டும் தரும் அவருடைய சிறு பலகைகள் 1950-களில் காந்த வகைத் தாழ்ஸ்வர ஸ்பீக்கர்களோடு சேர்த்து வீடுகளில் ஒலித்தன. இங்கிலாந்தில் ஹன்டிங்டன் ஊரில் சிறு நிறுவனம் நடத்திய பீட்டர் வாக்கர், எல்லா ஸ்வரங்களையும் நிலைமின்னாலேயே தருவது எப்படி என்று 1955-ல் ஒயர்லெஸ் வேர்ல்டு இதழில் எழுதினார். 1947-ல் அதே இதழில் வெளியான தம்முடைய பெருக்கியால் பெயர் பெற்றிருந்த டி.டி.என். வில்லியம்சன் அவருக்கு உறுதுணை. 1957-ல் வாக்கரின் குவாட் இ.எஸ்.எல். விற்பனைக்கு வந்தது. தாழ்ஸ்வரப் பலகைகளுக்கு 6,000 வோல்ட், உயர்ஸ்வரப் பலகைக்கு 1,500 வோல்ட். முன்னும் பின்னும் தூசு புகாமல் மெல்லிய உறை. வால்வும் பாலியெஸ்டர் படலமும் ஹன்ட் காட்டிய வழியும் ஒன்றாகக் கைக்கு வந்த காலத்தில்தான் டால்பேரின் இரண்டு தட்டுகள் ஓர் அறை முழுவதும் பாட முடிந்தது.

இப்படி ஒரு பெட்டியை, அல்லது அதன் இன்றைய வாரிசை, வத்தலக்குண்டு மலைப்பாதையான லாஸ் காட் ரோடு வழியாக மேலே கொண்டுபோய்க் கொடைக்கானலின் பழைய பங்களா ஒன்றில் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்?

முதல் சிக்கல் தீப்பொறி. சமவெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்று சுமார் 3,000 வோல்ட் தாங்கும். அதற்கு மேல் போனால் காற்றின் மூலக்கூறுகள் உடைந்து மின்சாரம் பாயும். காற்று அடர்த்தி குறைந்தால் இந்தத் தாங்கும் சக்தி ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ஓர் எலக்ட்ரான் இன்னொரு மூலக்கூறில் மோதுவதற்கு முன் கூடுதல் தூரம் ஓடி, கூடுதல் வேகம் பெற்று, மோதியதும் அதை உடைத்துவிடும். சமவெளி மதுரையோடு ஒப்பிட்டால் கொடைக்கானல் காற்றின் அடர்த்தி 17 சதவீதம் குறைவு. எனவே படலத்தில் ஏற்றும் மின்னழுத்தத்தையும் பாட்டின் மின்னழுத்தத்தையும் ஒவ்வொன்றிலும் 17 சதவீதம் குறைக்க வேண்டும். ஒலியழுத்தம் இரண்டின் பெருக்கலுக்கு ஏற்ப அமைவதால் 0.83 பெருக்கல் 0.83, மூன்றில் ஒரு பங்கு போல் போய்விடும். டெசிபெல் கணக்கில் 3 சொச்சம். பாட்டின் தன்மை கெடாது. உச்சத்தில் எவ்வளவு சத்தம் கேட்கலாம் என்ற கூரை மட்டும் கீழே இறங்கும். மின்வாரியப் பொறியாளர்களுக்கும் இது பழக்கமான விஷயம். சாதாரண மின்சாதனங்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்கென்றே பொதுவாக வடிவமைக்கப்படுகின்றன, அதற்கு மேல் இடைவெளியைக் கூட்டுவார்கள். நிலைமின் ஒலிபெருக்கியில் இடைவெளியைக் கூட்டினால் ஒலி இன்னும் குறையும், அதுதான் வம்பு.

இரண்டாவது சிக்கல் மூடுபனி. ஈரக்காற்றில் தீப்பொறி சுலபமாகப் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் காற்று இடைவெளிக்கு ஈரத்தால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் சட்டத்தின் பரப்பில் நடக்கிறது. கோக்கர்ஸ் வாக் நடைபாதையை மேகம் மூடும் மாலையில் குளிர்ந்த எல்லாப் பரப்பிலும் ஈரம் படியும். அதோடு தூசு சேர்ந்தால் மின்னூட்டம் ஊர்ந்து போக வழி கிடைத்துவிடும். 5,000 வோல்ட்டை 10 கோடி ஓம் மின்தடை வழியாகக் கொடுக்கிறோம் என்றால், ஈரப்பாதையின் தடையும் 10 கோடி ஓமாக இறங்கிய நேரத்தில் படலத்துக்குக் கிடைப்பது பாதி, 2,500 வோல்ட்தான். ஒலி 6 டெசிபெல் குறையும். மேலே சொன்ன உயர்ந்த மின்தடை என்ற அருமையான யோசனைக்கு மலைப்பிரதேசம் கேட்கும் விலை இது. மின்னூட்டம் பெற்ற பரப்பு தூசையும் தன்பால் இழுக்கும் என்பதால் வாக்கர் போட்ட உறை அலங்காரமில்லை. குளிருக்குக் கணப்படுப்பில் விறகு எரித்தால் அறை உலரும், அதுவரை நல்லது. புகைக்கரி மட்டும் உள்ளே புகக் கூடாது. கரி மின்சாரத்தைக் கடத்தும்.

தீப்பொறி ஆபத்துக்குக் கருவிக்குள்ளேயே ஒரு காவல் வைத்ததும் வாக்கரின் நிறுவனம்தான். 1963-ல் தொடங்கி 1981-ல் விற்பனைக்கு வந்த இ.எஸ்.எல்.-63 என்ற மாதிரியில் படலத்துக்குப் பின்னால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளியிலிருந்து ஒலி கிளம்புவது போலக் கேட்கும்படி, தகட்டை வளையம் வளையமாகப் பிரித்து, வெளிவளையங்களுக்கு ஒலியைச் சற்றுத் தாமதித்துக் கொடுத்தார்கள். அதோடு ஒரு சிறு ஆண்டெனாவும் உள்ளே இருந்தது. காற்று உடைந்து தீப்பொறி பாயத் தொடங்கினால் அது ரேடியோ அலைகளாக இரையும். ஆண்டெனா அதைக் கேட்டதும் உள்ளே வரும் பாட்டின் மின்னழுத்தத்தை உடனே வெட்டிவிடும். பழனி மலை உயரத்தில் இந்தக் காவல் சமவெளியைவிட முன்னதாகவே விழித்துக்கொள்ளும். தீப்பொறி ரேடியோவில் கேட்பது, கொடைக்கானல் உச்சியிலிருந்து வரும் கோடைப் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்சில் அல்ல, பழைய மத்திய அலைப் பெட்டியில், மின்னலின்போது கேட்கும் கரகரப்பைப் போல. அந்தக் கரகரப்பும் காற்று உடையும் சத்தம்தான்.

இதே தத்துவம் இன்று எங்கே இருக்கிறது? ஜப்பானில் 1960-ல் ஸ்டாக்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய நிலைமின் ஹெட்போன் இன்றும் ரசிகர்களின் தலையில் இருக்கிறது. காதோடு ஒட்டி வைப்பதால் சத்தம் அதிகம் வேண்டாம், உயரத்தால் வரும் 3 டெசிபெல் இழப்பும் பெரிதல்ல. வென்ட்டின் மைக்கோ ஒரு பட்டாணி அளவுகூட இல்லாத சிலிக்கான் சில்லாகச் சுருங்கி, கையிலிருக்கும் ஸ்மார்ட்போனில் குடியேறிவிட்டது. துளைக்குப் பின்னால் ஒரு தகடு, எதிரே மைக்ரான் கணக்கில் மெல்லிய ஒரு படலம், நடுவில் காற்று, அதே மின்தேக்கிதான். ஆனால் அந்தப் போனின் ஸ்பீக்கரைத் திறந்தால் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கும். மைக் காற்றைக் கேட்டால் போதும், ஸ்பீக்கர் காற்றைத் தள்ள வேண்டும். விரல் நுனி அகலத்துப் படலத்தால், சில மைக்ரான் அசைவில், ஓர் அறைக்குத் தேவையான காற்றைத் தள்ள முடியாது. அதற்குச் சதுர அடிக் கணக்கில் பரப்பு வேண்டும், அதனால்தான் எல்லா ஸ்வரங்களையும் தரும் நிலைமின் ஒலிபெருக்கி பெரிய பலகையாக எழுந்து நிற்கிறது.